இரண்டு வருடப் படிப்புக்கு எத்தனை பேர் போட வேண்டும்?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்த ஒவ்வொரு தடவையும் எமது தோட்டக் கமிட்டித் தலைவர்களிடமும் மாதர் தலைவிகளிடமும் பெற்றோர் ஒரே கேள்வியைத்தான் கொண்டு வருகிறார்கள். "தலைவரே, பிள்ளை டெக்னிக்கல் படிக்கப் போறேங்குது. ரெண்டு வருசமாம். அனுப்பலாமுங்களா?"

இதற்கு எமது தோட்டங்களில் இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, "வயித்தக் கட்டியாவது படிக்க வையுங்க" என்பது. மற்றது, "படிச்சு என்ன கண்டோம், கடைசியில கொழும்புக் கடைக்குத்தானே போகப் போகுது" என்பது. முதலாவது மேடையில் சொல்வதற்கு அழகானது. இரண்டாவது, ஏமாந்து போன ஒரு வீட்டின் அனுபவத்திலிருந்து வருவது. ஆனால் இரண்டுமே அந்தத் தாய் கேட்ட கேள்விக்குப் பதில் அல்ல. அவர் கேட்பது இரண்டு வருடம் வீடு தாங்குமா, தாங்கினால் பலன் கிடைக்குமா என்பதுதான். சம்பளக் கணக்கில் ஒரு சதம் குறைந்தாலும் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் நாம். இந்தக் கணக்கையும் நாமே போட்டுப் பார்ப்போம்.

முதலில், இந்தப் படிப்பு என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

இலங்கையில் தொழிற்கல்விக்கு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை முறை உள்ளது. அதற்கு ஏழு நிலைகள். 1 முதல் 4 வரை சான்றிதழ். 5, 6 ஆகியன தேசிய டிப்ளோமா. 7ஆம் நிலை பட்டத்துக்குச் சமன். நிலை 3 வரை உள்ளவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்பவர். நிலை 4 என்றால் தனித்து நின்று வேலையைப் பொறுப்பெடுக்கக்கூடிய தேர்ந்த தொழிலாளி. டிப்ளோமா பெற்றவர் மற்றவர்களின் வேலையை மேற்பார்வை செய்யும் இடத்துக்கு வரலாம். இரண்டு வருடப் படிப்பு என்று எமது பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இந்த டிப்ளோமாவைத்தான்.

தொழில்நுட்பக் கல்வி மற்றும் பயிற்சித் திணைக்களத்தின் கீழ் நாட்டில் ஒன்பது பெரிய தொழில்நுட்பக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் கண்டி, பதுளை, இரத்தினபுரி ஆகிய மூன்றும் எமது தோட்டங்களை அண்டியவை. சிறிய தொழில்நுட்பக் கல்லூரிகளும், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் வேறு உண்டு. நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, வேலைத்தளத்திலேயே பயிலுநராகச் சேர்த்துத் தொழில் பழக்குகிறது. சேர்வதற்கான தகுதி பாடநெறிக்குப் பாடநெறி மாறும். சிலவற்றுக்குச் சாதாரண தரத்தில் கணிதம் வேண்டும். டிப்ளோமாவுக்கு உயர்தரம் வேண்டும், அல்லது அதே துறையில் நிலை 4 வேண்டும்.

அந்தக் கடைசி வசனத்தை இன்னொரு தடவை வாசியுங்கள். உயர்தரம் சித்தியடையாத பிள்ளைக்கும் நிலை 4 வழியாக டிப்ளோமாவுக்குப் போகும் பாதை உண்டு. அங்கிருந்து இரத்மலானையில் உள்ள, யுனிவொடெக் என்று அழைக்கப்படும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கவும் முடியும். "பிள்ளை பெயில், இனி கதை முடிஞ்சது" என்று எந்த வீட்டிலும் சொல்ல வேண்டியதில்லை.

செலவுக் கணக்கு

அரசாங்கக் கல்லூரிகளில் முழுநேரப் படிப்புக்குக் கட்டணம் பெரிய சுமை அல்ல. அதனால் "இலவசப் படிப்பு" என்கிறார்கள். ஆனால் பிள்ளை அங்கே போய்ச் சேர வேண்டும், தங்க வேண்டும், சாப்பிட வேண்டும். இது எதுவும் இலவசம் அல்ல.

எமது கணக்கை நாம் ரூபாவில் மட்டும் போட்டால் போதாது. எத்தனை பேர் போட வேண்டும் என்று பார்த்தால்தான் எமக்கு விளங்கும். 2024 செப்டம்பர் வர்த்தமானியின்படி நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது; இந்தக் கணக்கு அந்தச் சம்பளத்தின்படி போடப்பட்டது. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு எமது பங்கு நூற்றுக்கு 8, அதாவது 108 ரூபா. கைக்கு வந்தது 1242 ரூபா. மாதம் 20 பேர் விழுந்தால் 24,840 ரூபா. சங்கச் சந்தாவையும் மற்றப் பிடிப்புகளையும் இங்கே சேர்க்கவில்லை. சம்பளம் மாறும்போது கீழுள்ள தொகைகளைப் புதிய சம்பளத்தால் நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பிள்ளை போகும் இடத்தை விசாரித்து உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நகரத்தில் போடிங்கில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அறைக்கு 6,000, சாப்பாட்டுக்கு 10,000, போக்குவரத்து, புத்தகம், தொலைபேசி எல்லாவற்றுக்கும் 4,000 என்று வைத்தால் மாதம் 20,000 ரூபா. 24 மாதங்களுக்கு 480,000 ரூபா. இதை 1242ஆல் வகுத்தால் 387 பேர். மாதம் 20 பேர் வீதம் இது ஒரு தொழிலாளியின் 19 மாதச் சம்பளத்துக்கு மேல். இரண்டு வருடத்தில் ஒருவர் உழைப்பதில் ஐந்து மாதச் சம்பளம் கூட வீட்டுக்கு மிஞ்சாது.

இதே பிள்ளை வீட்டிலிருந்து போய் வந்தால்? பஸ்ஸுக்கு 5,000, மதியச் சாப்பாட்டுக்கும் கொப்பிக்கும் 3,000 என்று மாதம் 8,000 ரூபா. 24 மாதங்களுக்கு 192,000 ரூபா. இது 155 பேர்.

அதே படிப்பு, அதே சான்றிதழ். ஒரு வீட்டுக்கு 155 பேர், இன்னொரு வீட்டுக்கு 387 பேர். நடுவில் உள்ள 232 பேரையும் நாம் கொடுப்பது தூரத்துக்கு. நகரத்துப் பிள்ளை கொடுக்காத, எமது பிள்ளை மட்டும் கொடுக்கும் வரி இது. இதைப் பற்றி அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியதைப் பின்னால் சொல்கிறோம்.

இந்தப் பேரைப் போடுவது யார் என்பதையும் மறக்க வேண்டாம். எமது மலைகளில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். 387 பேர் என்றால் மழை, பனி, அட்டைக் கடியோடு ஒரு தாய் 387 நாள் மலையேறுவது. கொழுந்து குறைந்து அரைப் பேர் விழும் நாட்களைச் சேர்த்தால் இன்னும் அதிகம். "எப்படியாவது படிக்க வையுங்கள்" என்று பேசுகிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை படிக்காமல் கடை வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு ஏதோ அனுப்பியிருப்பான். அது மாதம் 15,000 என்று வைத்தால் 24 மாதத்தில் 360,000 ரூபா. படிக்கும்போது அது வராது. ஆகவே போடிங்கில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு வீடு தாங்கும் முழுச் சுமை 840,000 ரூபா. வீட்டிலிருந்து போய் வந்தால் 552,000 ரூபா. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 16 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு அனுப்புவது சட்டத்துக்கு விரோதம். அந்தப் பிள்ளையின் உழைப்பை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

பலன் கணக்கு

இனி வரவைப் பார்ப்போம். படித்து முடித்த பிள்ளை, கடை வேலையில் இருந்திருந்தால் பெற்றிருக்கக்கூடியதைவிட மாதம் 25,000 ரூபா அதிகமாக உழைத்தால், 840,000 ரூபாச் சுமை 34 மாதங்களில், அதாவது மூன்று வருடத்துக்குள் தீரும். அதன்பிறகு வருவதெல்லாம் மிச்சம். அதுவும் முப்பது வருடத்துக்கு மேல் வரும் மிச்சம். மாதம் 10,000 ரூபாதான் அதிகம் என்றால் சுமை தீர 84 மாதங்கள், ஏழு வருடம் எடுக்கும். படித்த துறையில் வேலை கிடைக்காமல் அதே கடைக்கே போனால் அது தீரவே தீராது.

ஒரு வருடத்தில் இடையில் நின்றுவிட்ட பிள்ளையின் கணக்கு இன்னும் மோசம். போடிங் செலவும் விட்ட சம்பளமும் சேர்த்து 420,000 ரூபா போயிருக்கும். பெரும்பாலும் கையில் சான்றிதழும் இருக்காது. எமது தோட்டங்களில் "படிச்சு என்ன கண்டோம்" என்ற பேச்சு பெரும்பாலும் இந்த வீடுகளிலிருந்துதான் வருகிறது. படிக்கப் போனது பிழை அல்ல. முடிக்க வழியில்லாமல் போனதுதான் இழப்பு.

எனவே எமது நிலைப்பாடு இது. தொழில்நுட்பப் படிப்பு எமது பிள்ளைகளுக்குத் தேவை, அதற்கு நாம் ஆதரவு. ஆனால் அது பலன் தருவது மூன்று விடயங்கள் சேர்ந்தால்தான். சான்றிதழ் அரசாங்கம் ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும். பிள்ளை முடிக்கும் வரை வீடு தாங்கக் கூடியதாக இருக்க வேண்டும். படிப்போடு வேலைத்தளப் பயிற்சியும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தாயின் உழைப்பு வீணாகும் ஆபத்து உண்டு.

விளம்பரத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்

நகரத்துப் பஸ் தரிப்பிடங்களில் "டிப்ளோமா", "பட்டம்", "வெளிநாட்டு வேலை நிச்சயம்" என்று ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளை நாம் தினமும் காண்கிறோம். தவணை முறையில் பணம் கட்டலாம் என்பார்கள். எல்லாத் தனியார் நிலையங்களும் மோசம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் டிப்ளோமா என்ற சொல்லை யாரும் அச்சடிக்கலாம். முற்பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள்.

இந்த நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? பதிவு இலக்கம் என்ன? நிலையம் பதிவாகியிருந்தாலும் இந்தப் பாடநெறிக்குத் தனியாக அங்கீகாரம் உண்டா? முடிவில் கிடைப்பது என்.வி.கியூ. சான்றிதழா, நிலையத்தின் சொந்தச் சான்றிதழா? எத்தனையாம் நிலை? எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள், எந்த மொழியில் பரீட்சை? வேலைத்தளப் பயிற்சி எத்தனை மாதம், எங்கே, கொடுப்பனவு உண்டா? சென்ற தொகுதியில் படித்தவர்கள் இன்று எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களில் இருவரோடு பேச முடியுமா? இடையில் நின்றால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

நேர்மையாக நடக்கும் நிலையம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது. "இன்றைக்கே கட்டினால் கழிவு" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டு வேலை என்று சொன்னால், வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று பார்க்காமல் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்க வேண்டாம்.

பணம் புரட்டும் வழியிலும் கவனம் வேண்டும். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 200,000 ரூபா வாங்கினால் மாத வட்டி மட்டும் 6,000 ரூபா. 24 மாதத்தில் 144,000 ரூபா வட்டி. அதற்கு மட்டும் 116 பேர். முதல் அப்படியே நிற்கும். எந்தத் தொழில்நுட்பப் படிப்பும் அந்த வட்டியை முந்தி ஓடாது.

வேலையிலிருந்து முன்கூட்டியே விலகிப் பணிக்கொடையை எடுத்துப் பிள்ளைக்குக் கட்டலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதையும் கணக்குப் பாருங்கள். நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம் பணிக்கொடை. 30 வருடம் உழைத்தவருக்கு 1350 ரூபாப்படி 567,000 ரூபா. முப்பது வருட உழைப்பின் கொடையில் பெரும்பகுதியை இரண்டு வருடப் போடிங் தின்றுவிடும். பிள்ளைக்குப் படிப்பு கிடைக்கும் முன்பே தாய் தகப்பனின் முதுமைக்கு இருந்த பணம் போய்விடும். சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் இதற்காகத் தொட வேண்டாம் என்பதே எமது ஆலோசனை.

படிப்படியாக ஏறலாம்

அப்படியானால் கையில் பணமில்லாத வீடு என்ன செய்வது? எமது தோட்டத்துப் பாதைகள் மலையை நேராக ஏறுவதில்லை. வளைந்து வளைந்துதான் ஏறுகின்றன. என்.வி.கியூ. முறையிலும் அப்படி ஏற முடியும்.

இரண்டு வருட டிப்ளோமாவை ஒரே மூச்சில் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முதலில் வீட்டுக்கு அருகில் உள்ள நிலையத்தில் நிலை 3 அல்லது 4 படிக்கலாம். வயரிங், நீர்க்குழாய் வேலை, வெல்டிங், வாகனம் திருத்துதல், குளிரூட்டி திருத்துதல், தையல், கணினி என்று பல துறைகள் உள்ளன. ஒரு வருடப் படிப்பை வீட்டிலிருந்தே படித்தால் மேலே சொன்ன கணக்கில் கைச்செலவு 96,000 ரூபா. இது 78 பேர். அதோடு பிள்ளை வேலைக்குப் போகலாம். இரண்டு மூன்று வருடம் உழைத்து, அனுபவத்தோடும் சொந்தச் சேமிப்போடும் டிப்ளோமாவுக்குப் போகலாம். பகுதிநேரமாகப் படிக்க முடியுமா என்றும் கல்லூரியில் கேளுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சான்றிதழ் இருப்பதால் எந்த இடத்தில் நின்றாலும் ஏறியது வீணாகாது.

பயிலுநர் முறையையும் எமது வீடுகள் போதிய அளவு பயன்படுத்தவில்லை. வேலைத்தளத்தில் சேர்ந்து, சிறு கொடுப்பனவும் பெற்றுக்கொண்டு தொழில் படிப்பது, வீட்டில் காசில்லாத பிள்ளைக்கு ஏற்ற வழி.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் பத்து வருடம் மெஷின் பார்த்தவர், கொழும்பில் மேசன் வேலை செய்து பழகியவர், லொறி திருத்தத் தெரிந்தவர் ஆகியோர் திரும்ப வகுப்புக்குப் போகாமலே, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் திறமையைச் செய்து காட்டி என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். கையில் தொழில் இருந்தும் தாள் இல்லாததால் கூலிக்காரர் சம்பளம் வாங்குகிறவர்கள் எமது லயங்களில் எத்தனை பேர்! அவர்கள் முதலில் இதை விசாரிக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் ஒருவருக்குத்தான் போதும் என்றால் அண்ணனை அனுப்பிவிட்டுத் தங்கச்சியை ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்புவது எமது வழக்கமாக இருக்கிறது. பெண் பிள்ளைக்குத் தொழிற்கல்வி என்றால் தையலும் மணப்பெண் அலங்காரமும் மட்டுமே என்று நினைக்கிறோம். அவை நல்ல தொழில்கள்தான். ஆனால் மின்னியல், கணினி வலையமைப்பு, கட்டட வரைபடம், அளவையியல் எல்லாம் அவர்களுக்கும் திறந்தவை. மலையேறி இந்தச் செலவைச் சுமப்பவர் ஒரு பெண். அதன் பலன் அவருடைய மகளுக்கு இல்லை என்பது எந்த நியாயம்?

யார் கொடுக்க வேண்டிய செலவு?

இதுவரை வீட்டுக் கணக்கைப் பேசினோம். ஆனால் இந்தச் செலவு முழுவதையும் வீட்டின் தலையில் போட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது.

இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். நாட்டின் மற்றப் பிள்ளைகள் முன்னே போன அந்தக் கால இடைவெளியில் எமது பாட்டன்மாரும் பெற்றோரும் தோட்டப் பள்ளியின் கீழ்வகுப்புகளோடு நின்றார்கள். பிறகு எமக்குத் தெரிந்த ஒரே ஏணி ஆசிரியர் நியமனமாக இருந்தது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் அந்த ஏணியில் பலரை ஏற்றியது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு நாட்டில் 2013இல் ஆரம்பமானது. ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத எமது பாடசாலைகளுக்கு அது சென்றடையும் வேகம் போதாது. இலவசக் கல்விக்கு எமது சமூகம் காத்திருந்ததுபோல் தொழிற்கல்விக்கும் காத்திருக்க நாம் தயாரில்லை.

எனவே அரசாங்கத்திடம் நாம் கேட்பவை இவை. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பயிற்சி நிலையங்களில் தமிழ் மொழிமூல வகுப்புகள் வேண்டும், தமிழ் தெரிந்த போதனாசிரியர்கள் வேண்டும். அரசியலமைப்பின் 21ஆவது உறுப்புரை தேசிய மொழிகளில் ஒன்றின் ஊடாகக் கல்வி கற்கும் உரிமையைத் தருகிறது. உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சில விதிவிலக்குகள் இருக்கலாம். ஆனால் வயரிங் படிக்கும் பிள்ளைக்கு மின்சாரத்தின் ஆபத்தை விளங்கும் மொழியில் சொல்லிக்கொடுக்காததற்கு எந்த விதிவிலக்கும் காரணமாகாது. அதேநேரம் எமது பிள்ளைகள் சிங்களமும் ஆங்கிலமும் படிக்க வேண்டும். வேலைத்தளத்தில் அவை தேவை. மொழி தெரியாததால் வகுப்பை விட்டு ஓடி வரும் நிலைதான் மாற வேண்டும்.

இரண்டாவது, விடுதி. மேலே சொன்ன 232 பேர் வித்தியாசத்தைக் குறைப்பதற்கு நேரான வழி அதுதான். பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதி இல்லாத கல்லூரி, எமக்குக் கதவு மூடிய கல்லூரிக்குச் சமன். விடுதி கட்டும் வரை, தூரத்தை அளந்து போக்குவரத்துக் கொடுப்பனவு வழங்க வேண்டும்.

மூன்றாவது, தபால். லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லாததால் எமது கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தில் கிடந்து வருகின்றன. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போகிறது. ஒவ்வொரு லயத்துக்கும் முகவரி வேண்டும்.

1992 முதல் தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பனிகளிடமும் கேட்க வேண்டியது உண்டு. ஒவ்வொரு தேயிலைத் தொழிற்சாலையிலும் மின்சார வேலையும் இயந்திர வேலையும் இருக்கிறது. அந்த இடங்களுக்கு அதே தோட்டத்துப் பிள்ளைகளைப் பயிலுநராக எடுத்து, என்.வி.கியூ. மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். வெற்றிடங்களைப் பிரட்டுக்களத்தில் தமிழில் ஒட்டுங்கள். வேலைக்கு ஆள் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டே, கொழுந்து எடுப்பதைத் தவிர வேறு எந்த வேலைக்கும் எம்மைக் கூப்பிடாமல் இருப்பது சரியல்ல.

வீடு பற்றிய பயமும் உண்டு. வீட்டில் ஒருவரும் தோட்டத்தில் பேர் பதியாவிட்டால் காம்பராவை விடச் சொல்வார்களோ என்று அஞ்சி, படிக்க ஆசைப்படும் மூத்த பிள்ளையை மலைக்கு அனுப்பும் குடும்பங்களை நாம் அறிவோம். வீட்டையும் வேலையையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கும் வரை எமது பிள்ளைகளுக்குத் தொழிலைத் தெரிவு செய்யும் சுதந்திரம் இல்லை. காணியும் வீடும் எமது பெயரில் உறுதியோடு வேண்டும் என்று நாம் கேட்பது படிப்புக்காகவும்தான்.

சங்கத்தின் கடமை

"பிள்ளைகளை எல்லாம் படிக்க அனுப்பிவிட்டால் சங்கத்துக்கு அங்கத்தவர் எங்கே?" என்று எம்மிடம் கேட்கிறார்கள். சந்தா குறையலாம் என்பது உண்மை. ஆனால் பிள்ளைகள் வெளியேற வழியில்லாததால் மட்டும் நிலைக்கும் சங்கம் தொழிலாளிக்கு உதவாது. வேறு வழி இருக்கும் பிள்ளை தோட்டத்தில் நிற்கத் தீர்மானித்தால், நல்ல சம்பளம் கேட்டுத்தான் நிற்பான். வேறு வழியே இல்லாதவர்களை வைத்துக்கொண்டு கம்பனியோடு பேரம் பேசுவது எவ்வளவு கடினம் என்பது எமக்கு 1000 ரூபாவுக்காக வருடக்கணக்கில் போராடியபோதே தெரிந்தது. அது வர்த்தமானியில் வர 2021 மார்ச் ஆனது. தொழில் கற்ற இளைஞர்கள் எமது பேரம் பேசும் பலத்தைக் கூட்டுவார்கள்.

ஆகவே மாவட்டக் காரியாலயங்களில் விண்ணப்பம் நிரப்பவும், நிலையத்தின் பதிவைச் சரிபார்க்கவும், மேலே சொன்ன கேள்விகளைப் பெற்றோரோடு சேர்ந்து கேட்கவும் எமது உத்தியோகத்தர்கள் உதவுவார்கள். பயிலுநர் கோரிக்கையை கம்பனிகளுடனான பேச்சுவார்த்தையில் முன்வைப்போம். தோட்டக் கமிட்டிகள் தமது தோட்டத்தில் இதுவரை தொழில்நுட்பப் படிப்பு முடித்தவர்களின் பெயர்களை எழுதி எடுங்கள். இடையில் நின்றவர்களின் பெயர்களையும், ஏன் நின்றார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் காரணங்கள்தான் நாம் அரசாங்கத்தின் முன் வைக்கப்போகும் ஆதாரம்.

உயர்தரமும் பல்கலைக்கழகமும் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகள், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக வழங்கப்படும் புலமைப்பரிசிலையும் விசாரித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் காலம் தெரியாமல் அதை இழக்கக் கூடாது.

பெற்றோரே, இந்த வாரம் இதைச் செய்யுங்கள். பிள்ளையை உட்கார வைத்து ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள். மாதச் செலவு எவ்வளவு, எத்தனை மாதம், அதற்கு எத்தனை பேர், முடித்தால் என்ன சம்பளம். தெரியாத எண்ணை விசாரித்து எழுதுங்கள். பிள்ளைக்கும் அந்தத் தாளைக் காட்டுங்கள். வீடு எதைக் கொடுக்கிறது என்று தெரிந்துகொண்டு போகும் பிள்ளைக்குப் படிப்பை முடிக்க அதுவும் ஒரு காரணமாக இருக்கும். பிறப்புச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் சரியாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். எழுத்துப் பிழையால் விண்ணப்பம் திரும்பி வந்தால் திருத்த மாதக்கணக்காகும்.

கணக்கு சரியாக வந்தால் தயங்காமல் அனுப்புங்கள். சரியாக வராவிட்டால் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் முன் தாளை எடுத்துக்கொண்டு மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள். அருகில் வேறு நிலையம், குறுகிய படிப்பு, பயிலுநர் இடம் என்று வேறு வழி இருக்கிறதா என்று சேர்ந்து தேடுவோம்.